கிளையண்ட் வெப்சைட்டுகளுக்கு எந்த சிஎம்எஸ் (கோடு எழுதாமலே பக்கங்களை ஏற்றவும் திருத்தவும் உதவும் மென்பொருள்) எடுப்பது: வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ரூபலா, சொந்தமாகவே எழுதிவிடலாமா?

வேர்ட்பிரஸ். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதி என் புலம்பல்.

கேள்வியைப் பார்த்தால், உங்களுக்கு லாரவெல் (பிஎச்பி என்ற நிரல்மொழிக்கான கட்டமைப்பு) நன்றாக வரும், மாமாவோ சித்தப்பாவோ தெரிந்த இடத்தில் ஒரு வெப்சைட் வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறார், கை துறுதுறுவென்று இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். 'சொந்தமாகவே எழுதிவிடலாமா' என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அப்படி ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனதில் ஆரம்பித்த வினை கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது.

ஈரோடு பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளி. பெயர் வேண்டாம். சிபிஎஸ்இ பள்ளிகள் கட்டாயப் பொது அறிவிப்பு என்று ஒரு பக்கம் வைத்து, அதில் இணைப்புச் சான்று, தீயணைப்புச் சான்று, கட்டண விவரம், ஆசிரியர் விவரம், போர்டு ரிசல்ட் எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். ஆகவே சைட் படுத்துவிட்டால் கரஸ்பாண்டென்ட்டுக்குத் தூக்கம் போய்விடும். இவர்களுக்கு முதலில் ஒரு பையன் பிஎச்பியில் கையாலேயே ஒரு சிஎம்எஸ் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் எழுதிய நிரலை நான் பார்த்தேன், சுத்தமான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூரில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டான். டேட்டாபேஸைத் தொடுவதற்குப் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை வைத்து எழுதியிருந்தான். பிஎச்பி 7இல் அவற்றை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஹோஸ்டிங் கம்பெனி பிஎச்பி 5ஐ நிறுத்திய அன்று சைட்டில் வெறும் வெள்ளைப் பக்கம். பையன் போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவனுக்கு என்ன தலையெழுத்து, சம்பளமா கொடுக்கிறார்கள்?

அடுத்து வந்தவர் சட்டுபுட்டென்று வேர்ட்பிரஸில் மாற்றிக் கொடுத்தார். அதுவரை சரி. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு தீம், அதாவது சைட்டின் தோற்றத்துக்கான டிசைன், அதை எங்கிருந்தோ ஓசியில் இறக்கிப் போட்டுவிட்டார். 'நல்டு' என்பார்கள், லைசென்ஸை உடைத்தது. அட்மிஷன் சமயத்தில் ஒரு மாணவனின் அப்பா கூகுளில் பள்ளியின் பெயரைத் தட்டியிருக்கிறார். பள்ளியின் முகவரிக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் ஷூ விளம்பரம், கைப்பை விளம்பரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

கரஸ்பாண்டென்ட் முதலில் நம்பவே இல்லை. "தம்பி, இதோ தொறந்து பாக்கறேன், சைட் நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவர் திறந்தால் சைட் ஒழுங்காகத்தான் தெரியும். இந்த வகை ஹேக்கில் நாம் திறந்தால் ஒழுங்கான பக்கம் வரும், பக்கங்களைப் படித்துப் போக கூகுள் அனுப்பும் தானியங்கி நிரல் வந்தால் மட்டும் ஜப்பானியப் பக்கத்தைக் காட்டும். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் போனால், ஆண்டு விழாப் படங்களுக்கு நடுவே படத்தின் பெயரையே வைத்துக்கொண்டு பிஎச்பி ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன. பயனர் பட்டியலில் கண்ணில் படாமல் ஒளிந்திருந்த ஒரு அட்மின் டேட்டாபேஸில் இருந்தார். சைட் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளர் பார்க்கும் கூகுள் சர்ச் கன்சோலில் எவனோ ஒருவனுடைய ஜிமெயில் சைட்டின் உரிமையாளர் என்று பதிவாகியிருந்தது. அதற்காக அவன் வைத்த எச்டிஎம்எல் ஃபைல் சைட்டின் முதல் ஃபோல்டரிலேயே கிடந்தது. நிறையப் பேர் வைரஸை மட்டும் துடைத்துவிட்டு இந்த ஃபைலை விட்டுவிடுவார்கள். அவன் உரிமையாளராகவே இருப்பான், கூகுளிடம் தன் பக்கங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பான்.

எதையும் நான் துடைக்கவில்லை. புது ஹோஸ்டிங், புது வேர்ட்பிரஸ், இலவசமாக வரும் சாதாரண தீம். பழையதிலிருந்து பதிவுகளையும், திறந்து பார்த்து உறுதி செய்த படங்களையும் மட்டும் எடுத்து வந்தேன். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஓடவே கூடாது என்று சர்வரில் தடை. தீம் ஃபைலை அட்மின் பக்கத்திலேயே திருத்தும் வசதியையும் மூடினேன்.

இவையெல்லாம் யூடியூபிலேயே இருக்கிறது. எனக்குப் பெருமை வேறொரு விஷயத்தில். அந்தப் பள்ளியில் சைட்டில் சுற்றறிக்கை ஏற்றுவது ஆபீஸில் இருக்கும் ஒரு அக்கா. கட்டணம் வாங்குவார், டிசி டைப் அடிப்பார், நடுவில் இதையும் செய்வார். பழைய வேர்ட்பிரஸில் உள்ளே போனால் இடது பக்கம் முழுக்க மெனு, மேலே தீம் கம்பெனியின் விளம்பரம், பேஜ் பில்டர். ஒரு பிடிஎஃப் போடுவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். போதாக்குறைக்கு, ஆபீஸில் கடிதமெல்லாம் பாமினி எழுத்துருவில், அதாவது இணையத்துக்கான யூனிகோடு முறைக்கு முந்தைய பழைய வகையில். அதை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் சைட்டில் தாறுமாறாக ஆங்கில எழுத்து வரும்.

நான் அவருக்கு எடிட்டர் அளவுக்குத்தான் உரிமை கொடுத்தேன். உள்ளே வந்தால் 'சுற்றறிக்கை' என்று ஒரே மெனு. அதைத் தட்டினால் தலைப்பு, தேதி, பிடிஎஃப் என்று மூன்று பெட்டி. பாமினியில் ஒட்டினால் சேமிக்காமல் 'இது யூனிகோடு இல்லை' என்று தமிழிலேயே சொல்லும். இப்போது அவராகவே போட்டுவிடுகிறார். "இவ்வளவுதானா தம்பி? இதுக்கா அவங்க அவ்வளவு சுத்த விட்டாங்க?" என்று கேட்டார். ஐயா, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான சான்றிதழ் அதுதான்.

ஆகவே சிஎம்எஸ் எது என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு லாகின் செய்யப்போவது யார் என்று கேளுங்கள். முதலாளியிடம் கேட்காதீர்கள், அவர் 'நானே பார்த்துக்கொள்வேன்' என்பார். ஆபீஸுக்குள் போய் அந்த ஆளைப் பார்த்துப் பேசுங்கள். அப்படி ஆளே இல்லை, வருடத்துக்கு ஒரு தடவை போன் நம்பர் மாற்றினால் உண்டு என்றால் சிஎம்எஸ்ஸே வேண்டாம். கல்யாண மண்டபத்துக்கு எதற்கு டேட்டாபேஸ்? டேட்டாபேஸ் இல்லாத பக்கங்களைச் செய்து தரும் ஹியூகோவிலோ வெறும் எச்டிஎம்எல்லிலோ முடித்துக் கொடுங்கள், ஹேக் பண்ண அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

வேர்ட்பிரஸ் என்றாலே 'கோடு எழுதத் தெரியாதவன்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. தெரியும், நண்பர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உலகத்து வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதில் ஓடுகிறது என்பதற்காக நான் சிபாரிசு செய்யவில்லை. நாளைக்கு நானும் பெங்களூர் போய்விட்டால், அந்தப் பள்ளிக்காரர்கள் ஈரோட்டிலேயே வேறு ஒருவரைப் பிடிக்க முடியும். லாரவெல்லில் நான் எழுதிய பேனலை எவர் வந்து பிரித்துப் பார்ப்பார்? குறை இல்லாமலும் இல்லை. 2024இல் வேர்ட்பிரஸ் மேலிடத்துக்கும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனிக்கும் நடந்த சண்டையில், அந்த மூன்று பெட்டிகளைச் செய்ய நான் பயன்படுத்திய ஏசிஎஃப் என்ற ப்ளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்), வேர்ட்பிரஸின் ப்ளகின் களஞ்சியத்தில் செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயரே மாறிப்போனது. அன்று எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

தமிழில் சைட் செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரித் துண்டை, அதான் ஸ்லக், 200 எழுத்துக்கு மேல் வைக்காது. தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். 'தி' என்றால் தகரத்துக்கு ஒன்பது, கொக்கிக்கு ஒன்பது. எனவே 22 குறியோடு இடம் தீர்ந்துவிடும். 'அரையாண்டுத் தேர்வு கால அட்டவணை' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'அரையாண்டுத் தேர்வு கால அ' என்பதோடு நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பெரும்பாலும் சதவீதக் குறியாக ஒரு முழம் நீளத்துக்கு வரும். ஸ்லக்கை ஆங்கிலத்தில் தேதியோடு தானாக வருமாறு செய்துவிடுங்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. வேறொரு கிளையண்ட், ஜவுளி நிறுவனம், என் பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தார்கள். சட்டம், பிடிக்கட்டும். ஆனால் என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பார்த்தால் ஒரு பைசா வரவில்லை. கம்பெனியில் கேட்டால் "ஆடிட்டர்கிட்ட சொல்லியாச்சு சார்". ஆடிட்டரைக் கேட்டால் "கம்பெனியில கேளுங்க". அவர்கள் கட்டாத வரிக்கு நான் என் கையிலிருந்து கட்டினேன். இதற்கும் சிஎம்எஸ்ஸுக்கும் சம்பந்தம் இல்லைதான். டிடிஎஸ் பிடித்தால் அதற்கான சான்றிதழ் கொடுத்தாக வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் டொமைன் கிளையண்ட் பெயரில், அவர் மெயிலில் இருக்கட்டும். வருடாந்திரப் பராமரிப்புக்குத் தனியாகக் காசு கேளுங்கள். 'அதெல்லாம் எதுக்கு' என்பவர்களுக்கு அப்டேட் என் பொறுப்பில்லை என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ட்ரூபல்காரர்கள் கோபிக்க வேண்டாம். பெரிய பல்கலைக்கழகம், அரசுத் துறை, பத்துப் பேர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியாகும் சைட் என்றால் நானே ட்ரூபலைத்தான் சொல்வேன். ஆனால் 2014 அக்டோபரில் அதில் பெரிய ஓட்டை வந்தபோது, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யாத சைட்டெல்லாம் ஹேக் ஆகிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். நம் ஊர் கிளையண்ட்டுக்கு ராத்திரியில் எழுந்து 7 மணி நேரத்துக்குள் யார் ஓட்டையை அடைக்கும் பேட்ச் போடுவது? ட்ரூபல் 7இலிருந்து 8க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ போவதும் அப்டேட் இல்லை, ஏறக்குறைய புதிதாகக் கட்டுவதுதான். 7க்கு 2025 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருக்கும் கிளையண்ட் கிடைத்தால் அந்தச் செலவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூம்லா கெட்டதில்லை. 2005இல் மாம்போவிலிருந்து பிரிந்து வந்தது, தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு மொழியில் சைட் வைக்க அதற்குத் தனி ப்ளகின் தேவையில்லை; வேர்ட்பிரஸுக்கு பாலிலாங் மாதிரி ஒன்று போட்டாக வேண்டும். கிளையண்ட்டிடம் ஏற்கெனவே ஜூம்லா ஓடிக்கொண்டிருந்தால் மாற்றச் சொல்லாதீர்கள், பதிப்பை மட்டும் புதுப்பித்துவிட்டு அதற்கான பில்லை அனுப்புங்கள்.