பருப்பைக் குறைக்காதீர்கள், கரியைக் குறைக்கலாம்

வணக்கம் அக்கா. யாங்கோனில் கரண்டு எப்போது வரும் என்றே தெரியவில்லை, கரி விலையும் ஏறிவிட்டது, 6 பேருக்கு எப்படிச் சமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்குப் பருப்பு, கடலையைக் குறைக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது அடுப்பில்தான்.

கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுங்கள். காலையில் கனமான பாத்திரத்தில், முக்கால் பாகமாவது நிறையும்படி வைத்து, 20 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, பழைய கம்பளியால் இறுக்கச் சுற்றி, துணி அடைத்த மூங்கில் கூடைக்குள் புதைத்துவிடுங்கள். நாலு மணி நேரத்தில் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். நடுவில் திறந்து பார்க்கவே கூடாது! சாப்பிடும் முன் மறுபடி ஒரு கொதி அவசியம். இந்த வெக்கையில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

அப்புறம், சமையல் முடிந்ததும் எரியும் கரியை இடுக்கியால் எடுத்து மண்சட்டியில் போட்டு மூடுங்கள். காற்றில்லாமல் அணைந்துவிடும், மறுநாள் சட்டென்று பற்றிக்கொள்ளும். மழை நாளிலும் கரி அடுப்பைச் சன்னல் சாத்திய அறைக்குள் வைக்க வேண்டாம். புகையே தெரியாது, ஆனால் கரியிலிருந்து வரும் நச்சு வாயு ஆளைக் கொன்றுவிடும்.