தபால் ஒரு மாநிலத்தில், வண்டி வேறு மாநிலத்தில்

கேள்வி: எனக்கு 69 வயது, மனைவிக்கு 66. நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். மனைவி கிரீன் கார்டோடு நிறுத்திக்கொண்டார். கலிஃபோர்னியாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விற்று, ஒரு ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) வாங்கி அதிலேயே குடியேறிவிட்டோம். தபால் வாங்கி அனுப்பும் சேவை ஒன்றின் மூலம் சவுத் டகோட்டா விலாசம் எடுத்தோம். ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் அங்கேதான். குளிர்காலத்தில் டெக்சஸ்: மூன்று மாதம் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் தன்னார்வத் தொண்டு, பிறகு இரண்டரை மாதம் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் (இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்). அங்கே ஆளுக்கு வாரம் 20 மணி நேரம் வேலை செய்தால் இடம், கரண்ட், தண்ணீர் இலவசம். வெளியாட்களுக்கு அந்த இடம் மாதம் 650 டாலர். கோடையில் ஐந்து மாதம் கலிஃபோர்னியாவில் மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொள்வோம். இப்போது கலிஃபோர்னியா வரி அலுவலகத்திலிருந்து, ‘ஏன் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை’ என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. இதற்கிடையில் பிப்ரவரியில், கேம்ப்கிரவுண்டின் சலவை அறையைக் கழுவும்போது மனைவி படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ‘நீங்கள் வாலண்டியர், பொறுப்பு எங்களுடையது அல்ல என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்கிறார் உரிமையாளர். என்ன செய்வது?

பதில்: ஐயா, முதலில் அம்மாவின் கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வரி நோட்டீஸுக்குக் கெடு அதிலேயே அச்சாகியிருக்கும். காயத்துக்கான கெடு யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

‘வாலண்டியர்’ என்று பெயர் வைத்துவிட்டால் ஒருவர் வாலண்டியர் ஆகிவிடுவதில்லை. 1985-ல் அலமோ ஃபவுண்டேஷன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது ஒரு மத அமைப்பு. பெட்ரோல் பங்க், துணிக்கடை, பன்றிப் பண்ணை என்று பல தொழில்கள் நடத்தியது. வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு, துணி, தங்க இடம் மட்டும். ‘நாங்கள் தொண்டர்கள், எங்களுக்குச் சம்பளமே வேண்டாம்’ என்று அவர்களே சாட்சி சொன்னார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. கிடைத்த சாப்பாடும் இடமும் வேறு உருவத்தில் வந்த கூலிதான், இவர்கள் தொழிலாளிகள்தான் என்றது. மத அமைப்புக்கே அப்படியென்றால், லாபத்துக்கு நடத்தும் கேம்ப்கிரவுண்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லாப நோக்கமுள்ள தனியார் தொழிலில் ‘தன்னார்வம்’ என்ற ஏற்பாட்டைக் கூலிச் சட்டம் அங்கீகரிப்பதில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2009-லிருந்து மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டெக்சஸிலும் அதேதான். இரண்டு பேர், வாரம் நாற்பது மணி நேரம், 290 டாலர். நான்கு வாரத்துக்கு 1,160. உங்களுக்குக் கிடைத்தது 650 டாலர் இடம். அதிலும் முதலாளி கழித்துக்கொள்ளக்கூடியது அவருக்கு ஆன நியாயமான செலவு மட்டுமே. வெளியாளிடம் வாங்கும் வாடகையை அப்படியே காட்ட முடியாது. மிச்சக் கூலியைக் கேட்க இரண்டு வருட அவகாசம் உண்டு; வேண்டுமென்றே மீறினார் என்று காட்ட முடிந்தால் மூன்று வருடம். ஒரு ஓட்டை இருக்கிறது: வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு இந்தக் கூலி விதியிலிருந்து விலக்கு கிடைக்கலாம். அந்தப் பள்ளத்தாக்கில் பல கேம்ப்கிரவுண்டுகள் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். உங்களுடையது எப்படி என்று பாருங்கள்.

எனக்குக் கூலியை விட முக்கியமாகப் படுவது காயம். அம்மா தொழிலாளி என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு வர வேண்டும். ஆனால் இது டெக்சஸ். தனியார் முதலாளிகள் அந்தக் காப்பீட்டை எடுக்காமலே இருக்கச் சட்டம் பரவலாக அனுமதிக்கும் மாநிலம். அதனால் முதல் வேலை, இவர் எடுத்திருக்கிறாரா என்று எழுத்தில் கேட்பது. எடுக்கவில்லை என்றால் வேலை செய்பவர்களுக்கு அதைத் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

காப்பீடு இருந்தால், காயம் பட்ட 30 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் மாநில இழப்பீட்டுத் துறையில் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அன்றைக்கே உரிமையாளர் ஓடி வந்து பார்த்தார் என்றால் அவருக்குத் தெரியும் என்பது நிலைநிற்கும். ஆனாலும் தேதி போட்டு ஒரு மின்னஞ்சல் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

காப்பீடு இல்லையென்றால் நிலைமை உங்களுக்கு மோசம் என்று நினைக்காதீர்கள். அப்போது அவர் மீது நேரடியாக வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். அவருடைய அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆனால் ‘அந்தம்மாவும் கவனமில்லாமல் நடந்தார்’ என்று அவர் தப்பிக்க முடியாது; டெக்சஸ் தொழிலாளர் சட்டம் அந்த வாதத்தை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. அதே பிரிவில்தான் உங்களைப் பயமுறுத்தும் கையெழுத்துக்கும் பதில் இருக்கிறது. காயத்துக்கு முன்பே தொழிலாளி ‘வழக்குப் போட மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. அதனால் அந்தத் தாளை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பத்திரப்படுத்துங்கள். வாரம் எத்தனை மணி நேரம், பதிலுக்கு என்ன தருகிறோம் என்று அவர் கையாலேயே எழுதிய தாள் என்றால், நீங்கள் தொழிலாளிகள் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

படியின் புகைப்படம் இருக்கிறதா? சோப்புத் தண்ணீர் வடிய வழியிருந்ததா, கைப்பிடிக் கம்பி இறுக்கமாக இருந்ததா, காலுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்களா? மூன்று மாதத்தில் கம்பியை மாற்றிவிடுவார்கள். அங்கே இன்னும் தங்கியிருக்கும் நண்பர் யாராவது இருந்தால் போனில் நாலு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் ‘வேலையில் பட்ட அடியா’ என்று கேட்டிருப்பார்கள். ‘இல்லை, வாலண்டியர் வேலை’ என்று சொல்லியிருப்பீர்கள், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கட்டியிருக்கும். வேலைக் காயமென்றால் முதலில் கட்ட வேண்டியது முதலாளியின் காப்பீடு; மெடிகேர் இரண்டாவதுதான். நாளைக்கு இழப்பீடு வந்தால் மெடிகேர் தன் பங்கைத் திரும்பக் கேட்கும். அதனால் சமரசம் பேசும்போது மெடிகேருக்குத் திருப்பித் தர வேண்டியதைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். இல்லாவிட்டால் வந்த பணம் வந்த வழியே போகும்.

இதே அடி பிக் பெண்டில் பட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் பாதி இருந்திருக்காது. 1970-ல் கையெழுத்தான சட்டம் ஒன்று, தேசியப் பூங்காவில் தொண்டு செய்கிறவர்களை, காய இழப்பீட்டு விஷயத்தில் மத்திய அரசு ஊழியர்களாகவே கருதச் சொல்கிறது. நீங்கள் தெரியாமல் யாரையாவது காயப்படுத்தினாலும் அரசே முன்னால் நிற்கும். நிபந்தனை ஒன்றுதான்: உங்கள் தொண்டு ஒப்பந்தப் படிவத்தில் எழுதியிருக்கும் வேலையாக இருக்க வேண்டும். வரவேற்பு மேசை என்று எழுதிவிட்டு மரம் வெட்டப் போகாதீர்கள். ‘சும்மா கொஞ்சம் கை கொடுங்க’ என்று ரேஞ்சர் கூப்பிட்டால், படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டு அப்புறம் போங்கள்.

அடுத்த வருடம் தர்ம நிறுவனம் எதற்காவது போகலாம் என்று நினைத்தால் இதையும் பாருங்கள். 1997-ல் வந்த தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், லாப நோக்கில்லாத நிறுவனத்தில் தொண்டு செய்கிறவர் கவனக்குறைவால் செய்த தவறுக்குத் தனிப்பட்ட பொறுப்பிலிருந்து காப்பாற்றும். ஆனால் சம்பளத்துக்குப் பதிலாக வருடம் 500 டாலருக்கு மேல் மதிப்புள்ள எதையாவது வாங்கினால் அந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தன்னார்வலரே இல்லை. 650 டாலர் இடம் என்றால் ஒரே மாதத்தில் எல்லையைத் தாண்டிவிடும். வண்டி ஓட்டி ஏற்படுத்தும் விபத்துக்கும் அது உதவாது. உங்கள் ஆர்.வி. காப்பீடு அதிலேயே குடியிருப்பவர்களுக்கான பாலிசியா, விடுமுறைக்கு ஓட்டுபவர்களுக்கானதா என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டாவது என்றால், வண்டி நின்ற இடத்தில் நடக்கும் விபத்துக்கு ஒரு பைசா வராமல் போகலாம்.

சரி, கலிஃபோர்னியா.

சவுத் டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டி உரிமம் வாங்கியிருப்பீர்கள். அது சட்டப்படி சரியான உரிமம்தான். ஆனால் வரி விஷயத்தில் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பழைய நிரந்தர இருப்பிடம், புதிய ஒன்று உண்மையில் ஏற்படும் வரை ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பது கலிஃபோர்னியா சட்டம். புதியது ஏற்பட, அங்கே உடலும் இருக்க வேண்டும், அங்கேயே தங்கும் எண்ணமும் இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு இரவு என்றால் அவர்கள் சிரிப்பார்கள்.

பலர் எனக்கு எழுதும் இன்னொரு தப்பான நம்பிக்கை, ‘ஆறு மாதத்துக்குள் இருந்தால் தொட மாட்டார்கள்’ என்பது. கலிஃபோர்னியாவில் வருடத்துக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தால் குடியிருப்பவர் என்று அனுமானிப்பார்கள். உங்கள் ஐந்து மாதம் அதில் வராது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பருவகால விருந்தாளிக்குச் சாதகமான அனுமானம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது, வேறு மாநிலத்தில் நிலையான வீடு வைத்திருப்பவருக்குத்தான். உங்கள் வீடு சக்கரத்தின் மேல் நிற்கிறது, சவுத் டகோட்டாவில் இருப்பது ஒரு தபால் பெட்டி. அந்தக் குடை உங்களுக்குக் கிடையாது. அதனால் எந்த ஊரோடு ஒட்டு அதிகம் என்று ஒவ்வொன்றாக எடைபோடுவார்கள்: பல் மருத்துவர் எங்கே, வங்கி எங்கே, சாமான் வைத்திருக்கும் கிடங்கு எங்கே, இரண்டாவது கார் எந்த மாநிலப் பதிவு.

நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எழுதாவிட்டால் தங்களிடம் இருக்கும் தகவலை வைத்து அவர்களே வரியைக் கணக்கிட்டுவிடுவார்கள். ரிட்டர்னே தாக்கல் செய்யாத வருடத்துக்குக் காலவரம்பும் கிடையாது. பத்து வருடம் கழித்துக்கூட வருவார்கள். கேம்ப்கிரவுண்ட் ரசீது, டீசல் ரசீது, பிக் பெண்ட் பணி நேரப் பதிவு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, எந்த நாள் எங்கே என்று ஒரு அட்டவணை போட்டு, வரி வழக்கறிஞர் ஒருவர் மூலம் பதில் கொடுங்கள். வீடு விற்ற வருடத்து லாபம் மட்டும் தனிக் கணக்கு. நீங்கள் எங்கே குடியிருந்தாலும் கலிஃபோர்னியா மண்ணில் இருந்த வீட்டின் லாபம் அங்கே காட்ட வேண்டியதுதான்.

இதில் உங்களுக்குச் சாதகமாக ஒரு பெரிய விஷயம் உண்டு. 1996-ல் வந்த மத்தியச் சட்டத்தின்படி, தன் மாநிலத்தில் குடியிருக்காதவரின் ஓய்வூதியத்தில் எந்த மாநிலமும் கை வைக்க முடியாது. 401(கே), ஐ.ஆர்.ஏ. போன்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்குகள் எல்லாம் இதில் அடக்கம். ‘இங்கே வேலை பார்த்துச் சேர்த்த பணம்தானே’ என்று கலிஃபோர்னியா கேட்க முடியாது. மத்திய அரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு அந்த மாநிலம் எப்படியும் வரி போடுவதில்லை. ஆக, குடியிருப்பவர் இல்லை என்று நிலைநாட்டிவிட்டால் மிச்சம் வட்டி, டிவிடெண்ட்தான். அதற்கான வரியும் பெரும்பாலும் போய்விடும்.

என் யோசனையைச் சொல்கிறேன். சவுத் டகோட்டாவை விட்டுவிட்டு டெக்சஸுக்கு மாறுங்கள். சவுத் டகோட்டா போலவே அங்கேயும் தனிநபர் வருமான வரி இல்லை. நீங்கள் வருடத்தில் ஐந்தரை மாதம் உண்மையிலேயே இருக்கும் ஊர் அது. காகிதமும் கால்தடமும் ஒரே இடத்தில் இருந்தால் வாதாட வேண்டியதே பாதி குறையும். குடியேறி 30 நாளுக்குள் வண்டியையும் 90 நாளுக்குள் உரிமத்தையும் மாற்ற வேண்டும். வண்டி 26,000 பவுண்டுக்கு மேல் என்றால் சாதாரண உரிமம் போதாது. பி வகுப்பு வேண்டும். கலிஃபோர்னியாவில் கோடையை நாலு மாதமாகக் குறைத்து, அங்கே கார், கிடங்கு ஏதாவது இருந்தால் தீர்த்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வராதே என்று எந்த வரி அலுவலகமும் சொல்லாது.

நீங்கள் கேட்காத ஒன்று: அம்மாவின் கிரீன் கார்டு. குடியுரிமை இல்லாதவர் விலாசம் மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏ.ஆர்.-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் பத்து நிமிட வேலை. வண்டியில் வாழ்கிறவர்களில் பலர் செய்வதில்லை. அடுத்து, டெக்சஸ் உரிமம் எடுக்கப் போகும்போது கவுன்ட்டரில் ‘வாக்காளராகவும் பதிந்துவிடவா’ என்று வழக்கமாகக் கேட்பார்கள். 1993-ம் வருடச் சட்டம் அப்படி. நீங்கள் ‘சரி’ என்று சொல்லலாம், அம்மா சொல்லக்கூடாது. பழக்கதோஷத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால், குடிமகள் என்று பொய் சொன்னதாக ஆகி நாடு கடத்தும் வழக்கு வரை போகும். சவுத் டகோட்டாவில் உரிமம் எடுத்த அன்று அப்படி ஏதாவது நடந்ததா என்று அவரிடம் நிதானமாகக் கேளுங்கள். நடந்திருந்தால், குடியுரிமை மனு போடுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே வரும்போது 281-ம் நெடுஞ்சாலையில் ஃபால்ஃபூரியாஸ், 77-ம் நெடுஞ்சாலையில் சரீட்டா என்று எல்லைக் காவல் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். பதினெட்டு வயது தாண்டிய கிரீன் கார்டுக்காரர் அசல் அட்டையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நகலைப் பர்ஸிலும் அசலை வண்டிக்குள் கட்டில் பெட்டியிலும் வைத்திருக்கிறார் என்றால், இன்றைக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.