வேலைக்குப் போய்க்கொண்டே ஜப்பானிய மொழி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 7 ஆகிவிடும். ஹிரகானா, கதகானா என்ற இரண்டு எழுத்து வகைகளையும் முடித்துவிட்டேன். டிசம்பரில் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுத ஆசை. சொற்களை அட்டை அட்டையாகக் காட்டி மனப்பாடம் செய்ய உதவும் ஆன்கி செயலியில் தினம் 20 புதுச் சொல் என்று தொடங்கினேன். மூன்றே வாரத்தில் தினமும் 170 அட்டை வந்து நிற்கிறது. விட்டுவிடலாமா?
- வாசகி, ஓசூர்

பதில்: விட வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். 20 என்பது செயலியிலேயே வரும் அமைப்பு. ஒரு புதுச் சொல் மறுநாள், நாலாம் நாள், பத்தாம் நாள் என்று திரும்பத் திரும்ப வரும். அதனால் தினசரி மீள்பார்வை, புதுச் சொற்களைப்போல் 7 முதல் 10 மடங்கில் போய் நிற்கும். 7 சொல் போதும். 50 - 70 அட்டை வரும், பத்து நிமிட வேலை. என்5-க்கு 800 சொல் என்பது பொதுவான கணக்கு; இந்த வேகத்தில் நான்கு மாதத்தில் முடியும்.

இப்போதைக்குப் புதுச் சொல்லைப் பூஜ்யமாக்குங்கள். மீள்பார்வைக்கு ஒரு நாளைக்கு 80 என்று உச்சவரம்பு வையுங்கள். தேங்கியது வடிந்த பிறகு 7-க்கு வாருங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. தெரிந்த சொற்களுக்கும் மறுபடி நேரம் போகும்.

இலக்கணம் காலையில், கிளம்புமுன் 25 நிமிடம்: ஒரு அமைப்பு, அதில் சொந்தமாக மூன்று வாக்கியம். அட்டைகள் பேருந்தில். இரவில் கேட்பது மட்டும். களைத்த தலையில் இலக்கணம் ஏறாது. ஓவர்டைம் நாளில் மீள்பார்வையை மட்டும் முடியுங்கள், மற்றதெல்லாம் மறுநாளைக்கு. வாசிப்புக்குச் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: கூடாது. 'ககி' என்று எழுதினால் சாவியா, கடல் சிப்பியா? இரண்டாவது எழுத்தைப் 'பங்கு' என்பதில் வரும் ஒலியோடு சொன்னால் சாவி. 'கிளி'யில் வரும் ஒலியோடு சொன்னால் சிப்பி. நம் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது. (இங்கே அச்சில் வேறு வழியில்லை.) இன்னொன்று, மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் நம் வாயில் தானாகக் குழைந்துவிடும். நலத்தைக் குறிக்கும் 'கென்கி'யை 'சங்கு' போலச் சொல்லிவிடுவோம். அந்தக் 'கி'யும் 'கிளி'யின் 'கி'தான். அட்டையில் ஒலிப்பதிவு கட்டாயம் இருக்கட்டும். குறில் - நெடில் வேறுபாட்டில் மட்டும் நமக்குக் காது தயாராகவே இருக்கிறது.

ஆனால் இலக்கணத்தைத் தமிழ் வழியாகவே படியுங்கள். அடுத்த நிலையான என்4-இல் வரும் 'தபெதெ மிரு' அப்படியே 'சாப்பிட்டுப் பார்'. 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை'. ஆங்கிலப் பாடநூல் ஒரு பத்தியில் விளக்குவது நமக்கு ஒரே வரி. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்ற சொல் வரிசைகூட மாறாது. எச்சரிக்கை ஒன்று: 'இருக்கிறார்', 'இருக்கிறது' என்று பொருள்படும் 'இமாஸ்', 'அரிமாஸ்' இரண்டையும் நம் திணையோடு பொருத்தாதீர்கள். நாய், பூனைக்கும் 'இமாஸ்'தான்.

கேள்வி: கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளை எழுதிப் பழக வேண்டுமா? தேர்வில் எது காலை வாரும்?
- வாசகி, தாம்பரம்

பதில்: ஜே.எல்.பி.டி.யில் கையால் எழுதும் பகுதியே இல்லை, பேச்சுத் தேர்வும் இல்லை. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். முதல் 100 கான்ஜியைக் கோட்டு வரிசை பிடிபடும் வரை எழுதுங்கள். அதற்குமேல் எழுதுவது உங்கள் விருப்பம்.

காலை வாருவது கேட்டல். என்5 தேற 180-க்கு 80 வேண்டும். ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120-இல் 38, கேட்டலில் 60-க்கு 19 என்று தனி வரம்பும் உண்டு. மொத்தம் 100 எடுத்தாலும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். ஒலிப்பதிவை ஒரே முறைதான் போடுவார்கள்.

இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். மூன்றாம் நாள் எழுத்தோடு ஒப்பிட்டு, காதுக்குத் தப்பிய இடங்களில் கோடிடுங்கள். மீதி நாட்கள் பேசுபவருக்கு அரை நொடி பின்னால் நீங்களும் சொல்லிக்கொண்டே வாருங்கள். வேகத்தைக் குறைக்கும் பொத்தானை மூன்றாம் நாளுக்குப் பிறகு தொட வேண்டாம்.