ஓசியில் அனிமேஷன் கிளப்பா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் விஷயத்தை விவரமாக எழுதியிருந்தீர்கள். கேம் ஸ்டுடியோ ஒன்றில் சம்பளத்துக்கு இருந்தவள், அதை விட்டுவிட்டு இப்போது மதுரையில் வீட்டிலிருந்தபடியே கேம்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிறாள். ஒரு மாதம் நல்ல பணம் வருகிறது, அடுத்த மாதம் கையில் ஒன்றும் இல்லை. இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஏரியா கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக அனிமேஷன் கிளப் நடத்தப் போகிறேன் என்கிறாள். “அவளுக்கே நிலையான வருமானம் இல்லை, இதில் ஊருக்கு ஓசியில் பாடமா?” என்பது உங்கள் முதல் கேள்வி. வரன் பார்க்க வருகிறவர்களிடம் இதை என்னவென்று சொல்வது என்பது இரண்டாவது. இரண்டாவதில் நான் மூக்கை நுழைக்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடத்தட்டும். அவள் தொழிலுக்கு அது நல்லது. ஆனால் எல்லை போடாமல் இறங்கினால் அதே கிளப் அவள் தொழிலைத் தின்றுவிடும். எல்லையை எங்கே போடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கேம் ஆர்ட்டிஸ்ட் என்ன செய்கிறார் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். கேமில் ஓடுகிற ஆள், அவன் ஏறுகிற சுவர், பின்னால் தெரிகிற மலை, நாம் தொடுகிற பட்டன் எல்லாமே யாரோ வரைந்தவை. ஓர் ஆள் நடப்பதைக் காட்ட 6 அல்லது 8 படம் வரைந்து, அவற்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். வாக் சைக்கிள் என்று பெயர். இந்த வேலை கொடுப்பவர்கள் பட்டம் கேட்பது குறைவு. போர்ட்ஃபோலியோவைத்தான் பார்ப்பார்கள்: ஷோரீல் என்கிற, செய்த வேலைகளைத் தொகுத்த ஒரு நிமிஷ வீடியோ, தேர்ந்தெடுத்த சில படங்கள், அப்புறம் இந்தப் பொண்ணு சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுப்பாளா என்ற நம்பிக்கை.

தனியாக வேலை பார்ப்பவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. வரைந்து கொடுத்ததை வெளியே காட்டக் கூடாது என்று என்.டி.ஏ. என்ற ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கேம் வெளிவர ஒரு வருஷம் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம், பாதியில் நின்றும் போகலாம். அதுவரை அந்த உழைப்பைப் போர்ட்ஃபோலியோவில் வைக்க முடியாது. கிடைப்பதும் துண்டு துண்டான வேலை. ஒருவருக்கு 40 ஐகான், இன்னொருவருக்கு நாலு மரம். ஆரம்பித்து முடித்த முழுப் படைப்பு என்று காட்ட ஒன்றும் இருக்காது. ஸ்டுடியோவில் இருந்தபோது, பின்னால் வந்து நின்று “கால் வழுக்குது பார்” என்று சொல்ல ஒரு சீனியர் இருந்திருப்பார். வீட்டு அறையில் அவரும் இல்லை.

கிளப் இந்தக் குறைகளைக் கொஞ்சம் ஈடுகட்டும். நாலைந்து மாதத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு குட்டிப் படமோ குட்டி கேமோ முடித்துவிட்டால், பெயர் போட்டு யாரிடமும் காட்டலாம், எந்த என்.டி.ஏ.யும் தடுக்காது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இன்னொருவர் வரைந்ததைப் பார்த்து, எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடித்து, மனம் நோகாமல் புரியவைப்பது, ஓவியர் குழுவை வழிநடத்துகிற ஆர்ட் லீட் வேலையில் பாதி. தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் வராது. துள்ளுகிற பந்து தரையைத் தொடும்போது ஏன் கொஞ்சம் தட்டையாக வரைய வேண்டும் என்று பத்து வயதுப் பையனுக்கு அவள் விளக்கட்டும். அவளே இதுவரை கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்த பல விஷயங்கள் அப்போதுதான் அவளுக்குத் தெளிவாகும்.

“இதற்குப் பதில் மறுபடி ஒரு கம்பெனியில் சேரலாமே” என்கிறீர்கள். சேரலாம், தப்பில்லை. ஆனால் சம்பள வேலை என்றாலே பத்திரம் என்று இந்தத் துறையில் நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, ஹாலிவுட் படங்களுக்கு விஎஃப்எக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் காட்சி வேலை செய்துகொண்டிருந்த அதன் இந்திய ஊழியர்கள், பெரும்பாலும் பெங்களூரில் இருந்தவர்கள், ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். படம் போட்டுத் தரும் ஏஐ கருவிகள் வேறு வந்துவிட்டன. ஐகான், பின்னணி போன்ற ஆரம்பநிலை வேலைகளுக்கு இனி விலை இறங்கும் என்பது என் கணிப்பு. நாலு பேரை வழிநடத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இடம் இருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. டொரண்டோவில் ஒரு சின்னக் குழு செய்த ‘வெண்பா’ என்ற கேம் 2023இல் வெளிவந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா வைக்கிற இட்லி, புட்டு, மகனோடு வருகிற இடைவெளி, இவ்வளவுதான் கதை. அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேம் விருது அதற்குக் கிடைத்தது. வரன் வீட்டாரிடம் வேண்டுமானால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி நிபந்தனைகள். முதலில் பணம். கிளப் தொடங்கும் நாளில் மூன்று மாதச் செலவுக்கான தொகை அவள் கணக்கில் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடக்கத்தைத் தள்ளிப் போடட்டும், பிள்ளைகள் எங்கும் ஓடிவிட மாட்டார்கள். நேரத்தைப் பொறுத்தவரை மாதம் இரண்டு ஞாயிறு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 12 பிள்ளைகள் போதும். வாராவாரம் என்று ஆரம்பித்தால் மூன்றாவது மாதத்தில் ஒரு வாடிக்கையாளரின் கெடுவும் கிளப்பும் மோதும். அப்போது காசு தருகிற வேலைதான் முதலில் என்பதில் அவளுக்குக் கூச்சமே இருக்கக் கூடாது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை. சும்மா சொல்லித் தருகிறாள் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் பெற்றோரே வருவார்கள். “பாப்பா, நம்ம கடைக்கு ஒரு லோகோ,” “தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு இன்விடேஷன் வீடியோ,” “திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் டிசைன்.” இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கிளப்பில் சொல்லித் தருவது இலவசம், வரைந்து தருவதற்குக் காசு. இதை முதல் நாளே சிரித்த முகத்தோடு அறிவித்துவிட வேண்டும். அவளால் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை என்றால் விலைப்பட்டியல் ஒன்றை போனில் தயாராக வைத்திருக்கட்டும். யாராவது கேட்டால் அதை அனுப்பிவிட்டால் போதும். பள்ளிக்கூடம் ஒர்க்‌ஷாப் நடத்தக் கூப்பிட்டால் அதுவும் காசுக்குத்தான்.

இடம் பற்றி. நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்கலாமா என்று அவள் யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். 2023இல் திறந்த அருமையான கட்டடம், குழந்தைகள் பகுதியும் இருக்கிறது. ஆனால் ஆரம்பத்துக்கு அது பெரிய இடம். உங்கள் கிளை நூலகமே போதும். அங்கே வாசகர் வட்டம் இருக்கும், அதன் நிகழ்ச்சியாக நடத்தக் கேட்டு நூலகரிடம் மனு கொடுக்கட்டும். ஞாயிறு திறந்திருக்குமா, சாவி யாரிடம் இருக்கும் என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சங்கம், டிரஸ்ட், பதிவு என்று இப்போதே அலைய வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தளர்வே கூடாது. அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். வாட்ஸப் குழுவில் பெற்றோர் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகளோடு தனியாக மெசேஜ் பரிமாற்றம் வேண்டாம். போட்டோ எடுக்கவும் படைப்பை வெளியிடவும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பிள்ளை வரைந்தது பிள்ளைக்குச் சொந்தம், நாளைக்கு அவள் விற்கப்போகும் கேமில் அதை எடுத்துப் போடக் கூடாது. அந்த இரண்டாவது பெரியவராக முதல் சில மாதம் நீங்களே இருக்கலாம். மகள் என்னதான் செய்கிறாள் என்று நேரிலேயே பார்த்துவிடுவீர்கள்.

சொல்லித் தருவது எப்படி என்பதை அவள் என்னைவிட நன்றாக அறிவாள். ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரே வேண்டாம். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். 12 பிள்ளைகள் ஆளுக்கு 10 படம் வரைந்தால் 120 படம், 10 விநாடி ஓடும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கும்போது வருகிற உற்சாகம் எந்த மென்பொருளிலும் வராது. தாள் நகராமல் இருக்க அனிமேட்டர்கள் பெக் பார் என்ற பட்டையைப் பயன்படுத்துவார்கள். அதற்குப் பதிலாக ஆபீஸ் பன்சிங் மெஷினில் இரண்டு துளை போட்டு, பலகையில் அதற்கேற்ற இடைவெளியில் இரண்டு குச்சி நட்டால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் அச்சடித்த தாள் ஜெராக்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும். போனைக் குப்புறப் பார்க்கும்படி ஸ்டாண்டில் மாட்டி ஒவ்வொரு படமாக எடுத்தால் படம் ரெடி.

கேம் ஆர்ட்டிஸ்ட் நடத்துகிற கிளப் மற்ற ஓவிய வகுப்புகளிலிருந்து வேறுபடுவது அடுத்த கட்டத்தில்தான். கணக்குப் பாடத்துக்கு வாங்குகிற கட்டம் போட்ட நோட்டில் 16க்கு 16 கட்டம் எடுத்து, கலர் பென்சிலால் நிரப்பி ஒரு பூனையையோ ஆட்டோவையோ போடச் சொல்லலாம். பிக்சல் ஆர்ட்டின் அடிப்படையே அதுதான். அப்படி நாலு சதுரம் எடுத்து, நாலு நிலை வரைந்தால் பூனை நடக்கும். அதை லிப்ரேஸ்பிரைட் என்ற பிக்சல் வரையும் மென்பொருளில் ஏற்றி, கோடோ என்ற இலவச கேம் என்ஜினில், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளில், அவள் போட்டுக் கொடுத்தால், அம்புக்குறி பட்டனை அமுக்கும்போது பிள்ளை வரைந்த பூனை திரையில் நடக்கும். படம் தானாக ஓடுவதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம். நம் கை சொன்னபடி அது நடப்பது வேறு ரகம். கோடோ தெரிந்துகொள்வது உங்கள் மகளுக்கும் லாபம். தான் வரைந்ததை என்ஜினுக்குள் தானே போட்டுச் சரிபார்க்கத் தெரிந்த ஆர்ட்டிஸ்டைச் சின்னக் குழுக்கள் விரும்பி எடுக்கின்றன.

மென்பொருள் எல்லாம் இலவசமானவையாகவே இருக்கட்டும். கிராக் செய்த ஃபோட்டோஷாப் கிளப்புக்குள் வரவே கூடாது, அவள் வேலைக்கும் கூடாது. படம் வரைந்து ஓடவிடும் பென்சில்2டி சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும். 2011 முதல் அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன, அவற்றில் முயன்று பார்க்கலாம். ஓவியம் வரையும் கிரிட்டாவுக்கும் முப்பரிமாண அனிமேஷன் செய்யும் பிளெண்டருக்கும் கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். இலவசம் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டித்தான் பிளெண்டரை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அதிலேயே செய்த லாட்வியா நாட்டுப் படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் வந்தால், என்ன படிக்கலாம் என்று அவளைத்தான் கேட்பார்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் பட்டப் படிப்பு இருக்கிறது. அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் இருக்கிறது, அதற்கு நுழைவுத் தேர்வு. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு நூறு சதவீத வேலை என்று போர்டு வைக்கிற தனியார் மையங்களுக்குப் போகும் முன், ஆறு மாதம் இந்த மாதிரி ஒரு கிளப்பில் இருந்து பார்ப்பது நல்லது. தினமும் ஒரே காலை எட்டு விதமாக வரைய அலுக்காதவர்களுக்குத்தான் இந்தத் துறை. இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் வேதியியல் படித்தவர். 1956இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்திருந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றார். பிளஸ் டூவில் என்ன குரூப் எடுத்தோம் என்று ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை.

செலவுக்கு யாரிடமும் ரொக்கமாக நன்கொடை வாங்க வேண்டாம். தாள், பென்சில், பிஸ்கட் என்று பொருளாகக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அவள் கையிலிருந்து போவதற்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை நிர்ணயித்து ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

முடிவுத் தேதியும் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கி, அக்டோபர் 28ஐக் குறி வைக்கலாம். 1892இல் அந்த நாளில்தான் பாரிஸில் எமில் ரேனோ என்பவர் கையால் வரைந்த படச்சுருளை முதன்முதலாகப் பொதுமக்கள் முன் ஓட்டிக் காட்டினார். அதனால் அதைச் சர்வதேச அனிமேஷன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டி வருகிற ஞாயிறு நூலகத்திலேயே பிள்ளைகளின் படத்தைத் திரையிட்டுவிட்டு, கிளப்புக்கு ஒரு மாதம் லீவு விடட்டும்.

அந்த மாதத்தில் நீங்களும் அவளும் உட்கார்ந்து பாருங்கள். ஜூனுக்கு முன்னால் இருந்ததைவிட வருமானம் குறைந்திருக்கிறதா? கிளப்பால் எந்த வேலையாவது தாமதமாகப் போனதா? காட்டும்படியான படைப்பு ஒன்றாவது போர்ட்ஃபோலியோவில் ஏறியதா? வருமானம் குறைந்து, படைப்பும் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வருமானம் அப்படியே இருந்து படைப்பு ஒன்று தேறியிருந்தால் ஜனவரியில் அடுத்த அணியைச் சேர்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மாதம் ஒரு ஞாயிறாகக் குறைத்துக்கொள்ளட்டும்.