அத்தை ஏன் ஹாலுக்கு வருவதில்லை?

கேள்வி: எனக்கு 41 வயது. திருச்சியில், மாமனார் 1986-ல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். 2021-ல் கடன் வாங்கி 9 லட்ச ரூபாய் செலவில் வீட்டைப் புதுப்பித்தோம். மொசைக் தரைக்கு மேலேயே பளபள டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், கிரே கலரில் டிவி பேனல், எல் ஷேப் சோபா. ஹாலில் கிடந்த பழைய மரப் பெஞ்சைக்கூடப் போட்டுவிட்டோம். அப்போது பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பொங்கல் லீவுக்கு நாங்கள் நாலு பேரும் கோவையில் என் ஓரகத்தி கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் போனோம். டெராசோ தரை, பிரம்பு நாற்காலி, மண் நிறத்தில் சுவர். திரும்பி வந்ததிலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கிரே எல்லாம் இப்போது யாரும் வைப்பதில்லையாம். மாற்றலாம் என்றால் கணவர், "பழைய கடனே இரண்டு வருஷம் பாக்கி, காசு மரத்திலா காய்க்கிறது?" என்கிறார். மாமியாருக்கு 74 வயது. அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போதெல்லாம் ஹாலுக்கே வருவதில்லை, சாப்பாட்டையும் ரூமுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். தூசி ஒத்துக்கொள்ளாது என்று அவர் ரூமை மட்டும் பழையபடியே விட்டுவிட்டோம். காலத்துக்கேற்ப வீட்டை மாற்ற நினைப்பது தப்பா? இருப்பதே போதும் என்று இருந்துவிட வேண்டுமா?
– பெயர் வேண்டாம், திருச்சி. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் இரண்டாவது வந்துவிடுகிறது. ஊர் மாறும், டைல்ஸ் நிறம் மாறும், கேள்வி மாறாது. அதனால் 'ஆசைப்படுவதில் என்னம்மா தப்பு' என்று தலையைத் தடவிக்கொடுத்து ஆரம்பிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

நீங்கள் அனுப்பியது நாலு பக்கம். அதில் ஓரகத்தி வீட்டு ஹாலுக்கே ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. மாமியாருக்குக் கிடைத்தது மூன்று வரி. அந்த மூன்று வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"ஹாலுக்கே வருவதில்லை" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொந்தரவு இல்லாத மாமியாரின் நல்ல குணங்களில் ஒன்றாகவும் சேர்த்துவிட்டீர்கள். எப்போதிலிருந்து வருவதில்லை என்று எழுதவில்லை. நான் சொல்லட்டுமா? 2021-லிருந்து. உங்கள் வீட்டுக்கு நான் வந்ததில்லை. ஆனால் மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டிய வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பழைய தரையைக் கொத்தி எடுக்காமல் மேலேயே ஒட்டினால் தரை உயர்ந்துவிடும். பசை போட்டு ஒட்டினால் முக்கால் அங்குலம். கலவை போட்டு ஒட்டினால் ஒன்றரை, இரண்டு அங்குலம். வீடு முழுக்க ஒட்டியிருந்தால் தெரியாது. ஒரு அறையை மட்டும் விட்டால், அந்த அறையின் வாசலில் ஒரு மேடு நிற்கும். உங்கள் வீட்டில் அது அத்தையின் வாசல். நீங்களும் பிள்ளைகளும் அதைத் தாண்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தாண்டிவிடுவீர்கள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற 74 வயதுக்காரருக்கு அது தினமும் தாண்ட வேண்டிய வரப்பு.

சரி, தாண்டி வந்துவிட்டார் என்றே வையுங்கள். காலை வைக்கும் இடம் எது? பளபள டைல்ஸ். விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. அதனால்தான் கறை பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லி விற்கிறார். உறிஞ்சாத தண்ணீர் மேலேயே நிற்கும் என்பதைச் சொல்லமாட்டார். காலையில் மாப் போட்ட ஈரம், ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த பாட்டில் சொட்டிய இரண்டு சொட்டு, போதும். போதாததற்கு ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த விளக்குகள் எல்லாம் தரையில் பட்டு எதிரொளிக்கும். கண்புரை இருக்கிற கண்ணுக்கு எது தரை, எது தண்ணீர், எது வெளிச்சம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

அதையும் கடந்து வந்து எங்கே உட்காருவார்? எல் ஷேப் சோபாவிலா? தாழ்வாக, பின்னால் சாய்ந்து புதைகிற மாதிரி செய்த சாமான் அது. உட்கார்ந்தால் முழங்கால் மூட்டு இடுப்புக்கு மேலே நிற்கும். பிடித்து எழுந்திருக்கப் பக்கத்தில் கைப்பிடி கிடையாது. பேரனைக் கூப்பிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், அவன் காதில் ஹெட்போன். அந்த மரப் பெஞ்ச் இருந்தபோது அவர் எங்கே உட்கார்ந்து அரிசி பொறுக்கினார், எங்கே உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் பேசினார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போட்டுவிட்டோம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். எடைக்குத்தானே போட்டீர்கள்?

'அவரே ஒன்றும் சொல்லவில்லையே' என்பீர்கள். எப்படிச் சொல்வார் தாயே? வந்தவர்களுக்கெல்லாம் நீங்கள் தரையைக் காட்டிப் பூரித்துப்போய் நிற்கிறீர்கள். இந்தத் தரையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு மாமியார் எந்த வாயால் சொல்வார்? "எனக்கு ரூமே வசதியா இருக்கும்மா" என்றுதான் சொல்வார். நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள். நம்புவது உங்களுக்கும் வசதியாக இருந்தது.

இதில் உங்களை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. அவர் முதலில் உங்கள் கணவருக்கு அம்மா, அப்புறம்தான் உங்களுக்கு மாமியார். அந்த மனிதர் இன்று வேண்டாம் என்று சொல்வதும் கடனை நினைத்துத்தான், அம்மாவை நினைத்து இல்லை. அப்பா கட்டிய வீட்டின் ஹாலில் அம்மா உட்கார்ந்து நாலு வருஷம் ஆகிறதே என்று அவருக்கு ஒருநாள்கூட உறைக்கவில்லையா? இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். என் எண்ணம் பழைய எண்ணம், மறைக்க மாட்டேன். பெற்றவளுக்கு வேளாவேளைக்குச் சோறு போவது பெரிய காரியமே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். அதற்கு அவள் ஹாலில் இருக்க வேண்டும். பொங்கலுக்குக் கோவை போனது 'நாங்கள் நாலு பேரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள், அவர், இரண்டு பிள்ளைகள். அது அத்தைக்கும் மகன் வீடுதானே? அந்த வருஷம் அவருக்குப் பால் பொங்கிக் கொடுத்தது யார்?

இனி நீங்கள் கேட்ட கேள்வி. அதற்கு ரொம்ப நேரம் தேவையில்லை.

வண்ணங்களுக்குப் பேர்போன பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் 2000-லிருந்து 'ஆண்டின் வண்ணம்' என்று ஒன்றை அறிவித்து வருகிறது. 2021-க்கு அவர்கள் சொன்னது சாம்பலும் மஞ்சளும். நீங்கள் கிரே பேனல் அடித்த அதே வருஷம்! 2023-க்கு மெஜந்தா, 2024-க்கு பீச், 2025-க்கு மோக்கா. வருஷா வருஷம் மாற்றிச் சொல்வது அவர்கள் தொழில். நீங்கள் வாங்கிய கடன் அந்த வேகத்தில் தீராது. கிரே போய்விட்டது என்று உங்களிடம் சொன்னவர்கள் மண் நிறமும் போய்விட்டது என்று ஒருநாள் சொல்வார்கள். அப்போதும் எனக்குக் கடிதம் போடுவீர்கள்.

நானும் ஒன்றும் ஞானி இல்லை. ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு சுவர் முழுக்க வால்பேப்பர் ஒட்டினேன், மூங்கில் காடு மாதிரி. இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி மூங்கில் எல்லாம் பூஞ்சை பூத்தது. கிழித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரித்தார். அதுதான் இன்னும் வலிக்கிறது. அதற்கப்புறம் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்ற முடிந்ததை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்: திரைச்சீலை, குஷன் உறை, ஒரு சுவருக்குப் பெயின்ட். கொத்தனாரைக் கூப்பிட்டு, தூசிக்குப் பயந்து சாமான்களைப் போர்த்தி வைக்க வேண்டிய காரியத்தை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். நீங்கள் அந்த ஒருமுறையைச் செய்து முடித்துவிட்டீர்கள். அந்த டிவி பேனல் கண்ணை உறுத்தினால் பெயின்டரைக் கூப்பிட்டு வேறு நிறம் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு நாள் கூலியோடு போகும்.

மிச்சம் பிடிக்கிற பணத்தில் செய்ய வேண்டியது வேறு. முதலில் அத்தை வாசலில் இருக்கிற மேட்டுக்கு அறைக்குள்ளிருந்து சரிவாக ஒரு மரப்பலகையோ சிமெண்ட் பூச்சோ. ஓரத்தில் அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள், மேடு தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியட்டும். அங்கிருந்து அவர் உட்காரும் இடம்வரை சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. அழகைக் கெடுக்கும் என்று சொல்லாதீர்கள், இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் போட வேண்டியிருக்கும். கால்மிதி, கார்ப்பெட் என்று வழுக்குகிற துணி எதையும் அவர் நடக்கும் வழியில் போடக் கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் ரப்பர் ஒட்டியது. அவர் வருகிற நேரத்தில் ஈர மாப் கிடையாது. பாத்ரூமில் பளபள டைல்ஸ் இருந்தால் அதை மட்டும் சொரசொரப்பான மேட் ஃபினிஷுக்கு மாற்றுங்கள், அந்தச் செலவுக்கு உங்கள் கணவர் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் கைப்பிடி வைத்த, உட்காரும் இடம் 18 அங்குல உயரத்தில் இருக்கிற ஒரு மர நாற்காலி. அதை மூலையில் தள்ளாமல், வாசலும் டிவியும் தெரிகிற இடத்தில் போடுங்கள். பிரம்பு நாற்காலி ஆசை இருக்கிறது அல்லவா? அந்த ஒன்றைப் பிரம்பிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

டெராசோ மட்டும் பாக்கி. ஓரகத்தி வீட்டில் நீங்கள் வாய் பிளந்து பார்த்த அந்தத் தரை எப்படிச் செய்வது தெரியுமா? சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து பரப்பி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி நனைத்து, மெஷினில் கல்லை மாட்டித் தேய் தேய் என்று தேய்த்து, சில்லு பூத்துத் தெரிந்ததும் பாலிஷ் போடுவார்கள். தேய்க்கிற நாட்களில் தெரு வாய்க்கால் முழுக்க வெள்ளையாக ஓடும். நம் ஊரில் அதற்கு மொசைக் என்று பேர். 1986-ல் உங்கள் மாமனார் போட்டது அதுதான். ஹாலில் இருந்ததை டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டீர்கள். ஒரே ஒரு அறையில் மிச்சம் இருக்கிறது. முப்பத்தைந்து நாற்பது வருஷம் நடந்து நடந்து பாலிஷ் தேய்ந்துபோன அந்தத் தரைதான் அத்தையின் காலுக்குப் பழக்கம், அதனால்தான் அவர் அங்கேயே இருக்கிறார்.

இன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் அந்த மேடு இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.