ஒன்பது கோல் வாங்கியவர் விமர்சனம் செய்யலாமா?

கேள்வி: ஏனுங்க, ஸ்பெயினிடம் 9-0 என்று தோற்ற ஆஸ்திரிய கோச் ஹெர்பர்ட் ப்ரோஹாஸ்கா, டிவியில் உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைக் குறை சொல்வது நியாயமா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகச் சொல்லலாமுங்க. 1999 மார்ச்சில் வாலென்சியாவில் அப்படித் தோற்றது நிஜம், உடனே பதவியை விட்டும் விலகினார். ஆனால் அந்த அணியை 1998 உலகக் கோப்பைக்குக் கூட்டிப் போனவரும் அவர்தானே? கேமரூன், சிலி, இத்தாலி என்று மூன்று ஆட்டத்திலும் 90 நிமிஷம் முடிந்தபின் கூட்டித் தரும் இன்ஜுரி டைமில் ஒரு கோல் போட்டார்கள், இரண்டு டிரா, இத்தாலியிடம் மட்டும் 2-1 தோல்வி. அதற்கப்புறம் ஆஸ்திரியா இன்னொரு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற 2026 வரை ஆகிவிட்டது. ஒரே ராத்திரியை வைத்து கோச்சாக அவர் உழைத்த ஆறு வருஷத்தை எடை போடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆட்டக்காரராக அவர் இன்னும் பெரியவர். 1977-ல் துருக்கியின் இஸ்மீரில், கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் வந்த பந்தை ஷூ முனையால் ஒரு தட்டு தட்டினார், அந்த ஒரு கோலில்தான் ஆஸ்திரியா 1978 உலகக் கோப்பைக்கே போனது. 1980-ல் இத்தாலி கிளப்புகள் மறுபடி வெளிநாட்டுக்காரர்களை, அதுவும் கிளப்புக்கு ஒருவர்தான் என்று எடுக்க ஆரம்பித்தபோது இன்டர் மிலான் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். பிறகு ரோமா கிளப்புக்கு மாறினார்; 1983-ல் ரோமா 41 வருஷம் கழித்து இத்தாலி லீக் பட்டம் வென்றபோது பிரேசில் வீரர் ஃபால்காவோ பக்கத்தில் நடுக்களத்தில் நின்றவரும் இவரே. அப்படி இருந்தும் அடுத்த சீசனுக்கு பிரேசிலின் செரேஸோ வந்தார், அதற்குள் கிளப்புக்கு வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் என்று ஆகியிருந்தது, அந்தக் கணக்கில் இவர் வெளியே. பட்டம் ஜெயித்த கையோடு இடம் போனால் யாருக்குத்தான் வலிக்காது? வியன்னா திரும்பி, அங்குள்ள ஆஸ்திரியா வியன் என்ற கிளப்போடு 1984, 85, 86 மூன்று வருஷமும் பட்டம் வாங்கினார். இத்தனையும் பார்த்தவர் பேசினால் நான் காது கொடுத்துக் கேட்பேன்.

கேள்வி: என் மகன் மிட்ஃபீல்டர். கோலே போடுவதில்லை. முன்வரிசைக்கு மாற்றச் சொல்லட்டுமா?
- ஒரு அம்மா, பொள்ளாச்சி

பதில்: வேண்டாங்க அம்மா. மேலே சொன்ன ப்ரோஹாஸ்காவே நாட்டுக்காக 83 ஆட்டத்தில் 10 கோல்தான் போட்டார். அடுத்த முறை மைதானத்துக்குப் போனால் கோலை எண்ணாதீர்கள், பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே பையன் ஒருமுறை தலையைத் திருப்பிச் சுற்றும் பார்க்கிறானா என்று பாருங்கள். பார்க்கிறான் என்றால் அவன் சரியான இடத்தில்தான் இருக்கிறான்.