தரைத்தகட்டில் துரு: பட்டி பார்த்தால் போதுமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் 2004 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். டிரைவர் கால் வைக்கும் இடத்தில், மேட்டுக்கு (கால்மிதி விரிப்புக்கு) அடியில் தகடு துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. கதவின் அடி விளிம்பிலும் பெயிண்ட் கொப்பளிக்கிறது. ஃபைபர் ஒட்டிப் பட்டி பார்த்தால் போதும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

பதில்: கதவில் செய்தால் காசுதான் வீண்; ஒரு மழைக்காலம் போனதும் மறுபடி கொப்பளிக்கும். தரையில் செய்யவே கூடாது. இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும்தான் பாரம் தாங்குகின்றன; சீட்டும் அந்தத் தரையில்தான் நிற்கிறது. ஃபைபருக்கு அந்த வலு இல்லை. போதாததற்கு, பட்டி ஈரத்தை உறிஞ்சித் துருவோடு சேர்த்து மூடி வைத்துக்கொள்ளும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேட்டை எடுத்துவிட்டு முன் கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றினால், ரப்பர் பீடிங் கசிகிறதா என்று உள்ளே தெரிந்துவிடும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மண்ணடைத்துக் கிடக்கும். கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். இதைச் சரிசெய்யாமல் புதுத் தகடு போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் போகும்.

அடுத்து, பழைய ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டையைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை ஒரு ரூபாய் அளவென்றால் கெட்ட இடம் உள்ளங்கை அளவு இருக்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டச் சொல்லுங்கள். டிங்கர் (தகடு வேலை செய்பவர்) 20 கேஜ் சி.ஆர். தகடு, அதாவது பூச்சில்லாத கோல்டு ரோல்டு இரும்புத் தகடு போடட்டும், அது ஏறக்குறைய 0.9 மி.மீ. கனம். 'கெட்டியா இருக்கட்டும்' என்று 2 மி.மீ. பிளேட் வைப்பவர்கள் உண்டு. அதைப் பிடிக்க வைக்கும் சூட்டில் பக்கத்துப் பழைய தகடு உருகி ஓட்டையாகும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் வேண்டாம், துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டிங்கும் பொத்தலாக வரும். கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.டூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயு பாய்ச்சிக் கம்பியால் வைப்பது) நல்லது. ஒரே இழுப்பாக வைக்காமல் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்துச் சேர்த்தால் தகடு நெளியாது.

பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் தரைக்கு அடியில்தான் போகின்றன. அவற்றை விலக்காமல், பேட்டரியைக் கழற்றாமல், மேட்டையும் சீட்டையும் வெளியே எடுக்காமல் வெல்டிங் தொடங்க விடாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெல்டிங் முடிந்த அன்றே தேய்த்து எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். கடற்காற்றில் வெறும் இரும்பு ஒரே இரவில் சிவந்துவிடும். பிரைமர் காய்ந்தபின் இணைப்புகளில் சீலர், அதற்குமேல் அண்டர்பாடி கோட்டிங். துருவை மாற்றிக் கெட்டியாக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவம், சுரண்ட முடியாத சின்னக் குழிகளுக்கு மட்டும். செதில் செதிலாக உரியும் துருவின்மேல் அதை ஊற்றிப் பயனில்லை. பழைய என்ஜின் ஆயில் அடிக்கும் பழக்கமும் வேண்டாம், ரப்பர் புஷ் எல்லாம் ஊறிக் கெடும்.

வேலை கொடுக்கும் முன் ரன்னிங் போர்டில் ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கிப் பாருங்கள். அங்கே தகடு நசுங்கினால் துரு ரன்னிங் போர்டின் உள்ளே இருக்கும் பெட்டித் தகடு வரை போய்விட்டது. அப்போது செலவு பல மடங்காகும். விலை பேசிவிட்டு முடிவெடுங்கள்.